ரசிகர் ஓவிய டீ-ஷர்ட்டுகளில் எந்தத் தமிழ்ப் படங்களுக்கு நிரந்தர மவுசு?

திருப்பூரில் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹீரோ முகம் போட்ட சட்டையெல்லாம் படம் ரிலீசாகிற வாரத்தோடு சரி. வருசம் தப்பாமல் ஆர்டர் வருவது வேறு சரக்கு.

அதற்குப் பாதிக் காரணம் ரசனை, மீதி தொழில். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன், அதாவது ஃபிரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. ஒரு முகத்தை நிழலும் வெளிச்சமுமாக எட்டு கலரில் வரைந்து கொடுத்தால், எட்டு ஃபிரேம் எக்ஸ்போஸ் செய்து (வெளிச்சம் காட்டிப் படத்தை வலையில் பதிய வைத்து), ஒன்றின்மேல் ஒன்று துளி விலகாமல் உட்கார வைக்க வேண்டும். ஐம்பது பீஸுக்கு அது கட்டுப்படி ஆகாது. கறுப்புத் துணியில் வெள்ளை ஒரே கலரில் அடித்தாலும் ஆள் யாரென்று சட்டென்று தெரிய வேண்டும். அப்படித் தெரிகிற பாத்திரங்கள் ரொம்பக் கொஞ்சம்.

என் கணக்கில் முதலிடம் 'அமைதிப்படை' (1994) அமாவாசைக்குத்தான். தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவன் எம்.எல்.ஏ. ஆகிற கதை. ஓட்டு எண்ணிக்கைக் காட்சியில் முன்னிலை ஏற ஏற சத்யராஜ் உட்காரும் தோரணை மாறிக்கொண்டே போகுமே, அதை வரைய முகமே தேவையில்லை. நாற்காலி நுனியில் பவ்யமாக ஒரு உருவம், அப்புறம் கொஞ்சம் நிமிர்ந்து, கடைசியில் சாய்ந்து கால்மேல் கால். வெறும் நிழலுருவங்களை வரிசையாக அடித்தால் போதும், பார்க்கிறவன் சிரித்துவிடுவான். சத்யராஜ் கோயமுத்தூர்க்காரர், இயக்கிய மணிவண்ணன் சூலூர்க்காரர். அந்தக் குசும்பு எங்க ஊர்த் தண்ணியில் இருப்பது என்பேன். (சரி, ஊர்ப் பெருமைதான்.)

அடுத்து, உடுமலைப் பக்கம் பிறந்த கவுண்டமணி. 'கரகாட்டக்காரன்' (1989) வந்தபோது பிறந்தே இருக்காத பையன்கள் கேட்டு வருகிறார்கள், மீம் வழியாகத் தெரிந்துகொண்டவர்கள். நெஞ்சுக்கு நடுவே ஒற்றை வாழைப்பழம். கீழே ஒரு எழுத்துகூட வேண்டாம்.

வந்தபோது சரியாகப் போகாமல் பிறகு கொண்டாடப்பட்ட படங்களைத்தானே 'கல்ட்' என்கிறார்கள்? 'ஆரண்ய காண்டம்' (2011), 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) மாதிரி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோவை ஐ.டி. பையன்கள். ஓவியத்தை அவர்களே கொண்டு வருவார்கள், நுணுக்கம் ஏராளம். ஒரு பீஸ், இரண்டு பீஸ்தான் கேட்பார்கள் என்பதால் டிடிஎஃப் பண்ணிவிடுகிறோம். ஃபிலிமில் பிரிண்ட் எடுத்து, ஹீட் பிரஸ்ஸில் சூடாக அழுத்தி ஒட்டுகிற முறை. எத்தனை கலர் இருந்தாலும் வரும். ஆனால் அது துணிமேல் ஒரு பிளாஸ்டிக் படலமாக நிற்பதால் வேர்வை அடைக்கும், போகப்போக வெடிக்கும். ஸ்க்ரீனில் அடிக்கிற பிக்மென்ட் மை அச்சோ துணியோடு கலந்து மெதுவாக வெளுக்கும். எனக்கு அந்த வெளுப்புதான் அழகு.

பாட்டு வீடியோக்களில் 'எஞ்சாய் எஞ்சாமி' (2021) வந்த சமயம் கொஞ்சம் கேட்டார்கள், அப்புறம் அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும்: இன்ஸ்டாகிராமில் யாரோ ராத்திரி கண் விழித்து வரைந்ததை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வந்து "இதையே அடிச்சுக் குடுங்கண்ணா" என்றால் நான் எடுப்பதில்லை. வரைந்தவரிடம் ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள். பல பேர் சந்தோசமாக ஒரிஜினல் ஃபைலையே அனுப்பிவிடுகிறார்கள், எங்களுக்கும் ஸ்க்ரீன் போட அதுதான் வசதி.