சமகால அமெரிக்கச் சுயாதீன இயக்குநர்களில், கதாபாத்திரங்களுக்காகவே நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது யாருடைய படங்களை?

கெல்லி ரைக்கார்டின் படங்களை.

2025 ஆஸ்கரில் 'அனோரா' படத்துக்காக இயக்குநர் ஷான் பேக்கர் ஒரே இரவில் நான்கு விருதுகள் வாங்கியபின், பலரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் பேக்கரின் ஆட்கள் ஓயாமல் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். பத்தே நிமிடத்தில் நமக்குப் பழகிவிடுவார்கள். ரைக்கார்டின் ஆட்கள் வாயைத் திறப்பதே அபூர்வம். கையிலிருக்கும் வேலையையும் பையிலிருக்கும் காசையும் வைத்துத்தான் அவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'வென்டி அண்ட் லூசி' (2008) படத்தில், வேலை தேடி அலாஸ்காவுக்குக் கிளம்பிய ஒரு பெண் ஓரிகனில் ஒரு சின்ன ஊரில் கார் பழுதாகி நிற்கிறாள். துணைக்கு லூசி என்ற நாய் மட்டும் (ரைக்கார்ட் வளர்த்த நாயேதான் அது). செலவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். நாய்க்குத் தீனி திருடி மாட்டிக்கொள்கிறாள். போலீஸ் விட்டு வருவதற்குள் நாயைக் காணோம். அவள் ஊரைவிட்டு வந்த காரணத்தை விளக்க ஒரு ஃபிளாஷ்பேக் கூடக் கிடையாது. கடைசியில் ஒரு வயதான காவலாளி அவள் கையில் சில டாலர்களைத் திணிக்கிறார். அவரிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அந்தத் தொகையைப் பார்த்தாலே புரிந்துவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும் இடம் அது.

'சர்ட்டன் விமன்' (2016) படத்தின் மூன்றாவது கதையையும் சொல்லியாக வேண்டும். மொன்டானாவின் குளிர்காலம். பண்ணையில் வேலை செய்யும் பெண்ணாக நடிக்கும் லில்லி கிளாட்ஸ்டோன் தினமும் குதிரைகளுக்குத் தீனி போடுகிறார். அதே வேலை, அதே நாய், அதே பனி. அப்புறம், மாலை வகுப்பெடுக்க வரும் இளம் வக்கீல்மேல் அவருக்கு ஒரு ஈர்ப்பு. அந்த வக்கீல் வராமல் நின்றதும், இரவெல்லாம் வண்டியோட்டிப் போய் வாகன நிறுத்துமிடத்தில் அவரைப் பார்க்கிறார். பேசுவதோ ஓரிரு வாக்கியம். மறுபக்கத்திலிருந்து பதிலே இல்லை. அந்த நாள்கள் எவ்வளவு ஒரே மாதிரி நகர்ந்தன என்பதை ஏற்கெனவே பார்த்திருப்பதால்தான், அந்த ஓரிரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டிருக்கும் என்பது நமக்கு உறைக்கிறது.

'ஓல்ட் ஜாய்' (2006) தொடங்கித் தன் படங்களுக்கு ரைக்கார்டே எடிட்டர். ஒருவர் கையிலெடுத்த வேலையை முடிக்கும்வரை ஷாட்டை வெட்டாமல் விடும் பொறுமை அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன். முதல் படம் 1994-இல் வந்தது. அதற்கும் 'ஓல்ட் ஜாய்'க்கும் நடுவே 12 வருடங்கள் முழுநீளப் படமே இல்லை. அவ்வளவு காத்திருந்தவர் திரும்பி வந்ததும் எடுத்தது, இரண்டு பழைய நண்பர்கள் காட்டிலுள்ள வெந்நீர் ஊற்றுக்குப் போய்வரும் கதையை! வேறு யாராக இருந்தாலும் பரபரப்பாக ஒன்றை எடுத்திருப்பார்கள்.

சரி, எதில் தொடங்கலாம்? 'வென்டி அண்ட் லூசி' 80 நிமிடம்தான், அதையே முதலில் பாருங்கள். அடுத்து 'ஃபர்ஸ்ட் கவ்' (2019). அதில் ஒரு சமையல்காரன் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பால் கறக்கும்போது, வழியிலேயே இணையைப் பறிகொடுத்த அந்த மாட்டுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே கறப்பான். 'மீக்ஸ் கட்ஆஃப்' (2010) படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதில் மிக மெதுவாக நகர்வது அதுதான்.