16 கோர்களில் 14 மடங்கு வேகம் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

உங்கள் சிமுலேஷன் 16 கோர்களில் (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகுகளில்), ஒரு கோரைவிட 14 மடங்கு வேகமாக ஓடுவதாகச் சொல்கிறீர்கள். அதை எழுதுவதற்கு முன், ஒரு கோர் நேரத்தை என்றைக்கு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் எந்த அமைப்பில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். இதே 14-இல் அடிபட்டவன் என்பதால் கேட்கிறேன்.

என் நிரல் முப்பரிமாணக் கட்டத்தில் வெப்பப் பரவல் சமன்பாட்டைத் தீர்ப்பது. ஒரு கோரில் 640 வினாடி, 16 கோர்களில் 45 வினாடி. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், இரண்டு ஓட்டங்களுக்கும் ஒரே உகப்பாக்க நிலைதானா (நிரலைக் கம்பைலர் எவ்வளவு வேகப்படுத்தலாம் என்ற அமைப்பு) என்று கேட்டபோதுதான், அந்த 640 பிழை தேடிக்கொண்டிருந்த மாதங்களில் உகப்பாக்கமே இல்லாமல் எடுத்த பழைய எண் என்பது நினைவுக்கு வந்தது. அன்று மாலை ஓ3 என்ற உயர்நிலை உகப்பாக்கத்துடன் மறுபடி ஓட்டினேன்: 230 வினாடி. பதினான்கு மடங்கு ஐந்தாகச் சுருங்கியது.

முதலில் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டாலின் மேல் பழியைப் போட்டேன். 1967-இல் அவர் முன்வைத்த வாதப்படி, நிரலில் 5 விழுக்காடு, கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாமல் வரிசையாகவே ஓட வேண்டியிருந்தால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. ஆனால் என் நிரலில் அந்தப் பகுதி 1 விழுக்காடுகூட இல்லை. கணக்குப்படி 14-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். கோர்களை ஒவ்வொன்றாகக் கூட்டி ஓட்டியபோது உண்மை தெரிந்தது: ஆறு கோர்கள் வரை வேகம் ஏறியது, அதன்பின் அசையவில்லை. ஒவ்வொரு கட்டப்புள்ளிக்கும் கூட்டல் பெருக்கல் கொஞ்சம்தான், நினைவகத்திலிருந்து இழுக்க வேண்டிய எண்களோ அதிகம். எல்லாக் கோர்களும் ஒரே நினைவக வழித்தடத்தைப் பகிர்வதால், மற்றவை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. தனியாக ஓடும் கோருக்குச் செயலி கூடுதல் கடிகார வேகம் தருவதும் ஒப்பீட்டைச் சற்றுக் கோணலாக்கும்.

1988-இல் கணினி அறிவியலாளர் ஜான் கஸ்டாஃப்சன் குழுவினர் 1024 செயலிகளில் ஆயிரம் மடங்கைத் தாண்டினார்களே என்று யாரேனும் இங்கே வரக்கூடும். மறுக்கவில்லை, அந்த எண்கள், செயலிகளுக்கேற்பக் கணக்கின் அளவையும் பெரிதாக்கிப் பெற்றவை. நீங்கள் அளவை மாற்றாமல் அளந்திருந்தால் அந்த ஒப்பீடு பொருந்தாது.

என் மனக்குறை ஒன்றும் உண்டு: என் கட்டுரைகளைப் பார்த்த மதிப்பீட்டாளர்கள் இன்னும் அதிகக் கோர்களில் வரைபடம் கேட்டார்களே தவிர, ஒருவர்கூட வினாடிகளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த 640 முதல் கட்டுரையிலேயே பிடிபட்டிருக்கும்.