வாடகை வீட்டுச் சுவரில் ஓவியம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பதினைந்து வருடமாகச் சுவர்களில் வரைகிறேன். வீட்டுக்காரர்கள் சிலரும் குடியிருப்பவர் ஒருவரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மடிப்பாக்கம்: அக்கா, எங்க வீட்டுக் கீழ் போர்ஷன் மூணு மாசமா காலி. நுழையுற பாதையில பன்னிரண்டுக்குப் பத்தடி சுவர் வெறுமனே கிடக்கு. படம் வரைஞ்சா ஆள் வருவாங்களா? வாடகையை ஏத்தலாமா?

முதலில் அந்தச் சுவரின் அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் சுவர் உப்புப் பூத்திருக்கிறது, சுவரில் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் விட்டு உரியும். தொழிலுக்கு வந்த புதிதில் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்கு மயில் வரைந்தேன். ஈரத்தைக் கவனிக்கவில்லை. டிசம்பருக்குள் தோகையின் கீழ்ப்பாதி போய்விட்டது. அந்த வீட்டம்மா முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. உரிந்த ஓவியம் வெறும் சுவரைவிட மோசம். வீடு பார்க்க வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஈரம்தான்.

அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்யப் போடுங்கள். மிச்சத்தில் ஓவியம்.

ஓவியத்தைக் காட்டி வாடகையை ஏற்றலாம் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் வசதி, பைக் நிறுத்த இடம், பஸ், ரயில் தூரம் இவைதான் வாடகையை முடிவு செய்கின்றன. ஆனால் போனில் பத்து வீட்டுப் படங்களைப் பார்த்தவருக்கு உங்கள் வீடு மட்டும் நினைவில் நிற்கும். நேரில் வந்து பார்ப்பார். காலியாகக் கிடக்கும் மாதங்கள் குறைந்தால் அதுவே பெரிய லாபம்.

மீண்டும் மடிப்பாக்கம்: எந்த மாசம் வரையணும்? என்ன பெயின்ட்?

பொங்கல் கழிந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாள் காயவிட வேண்டும். முழுதாகக் காயாத சிமெண்டின் காரத்தன்மை நிறத்தைத் தின்றுவிடும். முதலில் வெளிச்சுவருக்கான பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் பெயின்ட். சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டியில் உள்சுவருக்கான அக்ரிலிக் வகையை வெளிச்சுவரில் பூச விடாதீர்கள், மழையில் இளகிவிடும். மேற்கு வெயில் விழும் சுவரில் பளீர் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். காவி, மண்மஞ்சள் போன்ற ஆக்சைடு நிறங்கள் நின்று பேசும்.

புதுச்சேரி: ஹோம்ஸ்டே நடத்துறோம். புத்தர் முகம் வரையலாம்னு இருக்கோம்.

வேண்டாமே. அது எல்லா ஊர் விடுதியிலும் இருக்கிறது. உங்கள் தெருவில் போடுகிற கோலம், வீட்டு முற்றம், கரையில் இழுத்துப் போட்ட படகு என்று அந்த மண்ணில் இருப்பதை வரையுங்கள். சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்த பிறகு, அவற்றைப் பார்ப்பதற்காகவே வெளியாட்கள் அங்கே போனார்கள். முற்றத்துச் சுவரைத் தேர்ந்தெடுங்கள், விருந்தாளிகள் நின்று படமெடுக்க இடம் இருக்கும். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் வெளிச்சுவரைத் தொடுமுன் அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள்.

தாம்பரம்: காசு கொடுத்து வரையச் சொல்றோம். நாளைக்குப் பிடிக்கலைன்னா அழிக்கக் கூடாதா?

ஓவியருக்கும் அதில் உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டம், 1957, 57ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. டெல்லியில் அரசின் மாநாட்டு அரங்கமான விக்யான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமலே கழற்றினார்கள். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய பாகங்களை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. உங்கள் வீட்டுச் சுவருக்கு அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போடுங்கள். மாதிரிப் படத்தில் எத்தனை முறை திருத்தம், சாரம் கட்டும் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு, பிறகு வெள்ளையடிக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஓவியரின் கையெழுத்தைச் சுவரில் விட்டுவையுங்கள். அது எங்களுக்கு உயிர்.

கோவை: நான் குடியிருக்கிறவன். ஹால்ல நானே வரையலாமா?

வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். இல்லையென்றால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். பெரிய கேன்வாஸில் வரைந்து மாட்டினால் போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

மதுரை: இந்தச் செலவை வருமான வரியில கழிக்கலாமா?

சாதாரண வீட்டு வாடகை என்றால் தனியாகக் கழிக்க முடியாது. நீங்கள் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் பொதுக் கழிவு உண்டு, பராமரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஹோம்ஸ்டே மாதிரித் தொழிலாக நடத்தினால் கணக்கு வேறு. ரசீதுகளை எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பாருங்கள்.