கொசு வயிற்றில் டி.என்.ஏ.: மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

குடியாத்தத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

"கொசுவை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் படிப்பு வேண்டும் என்கிறான், சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்க ஒன்றுமில்லை அம்மா. உங்கள் மகன் சொல்வது நிஜமான அறிவியல்.

2008-ல் பின்லாந்தில், திருட்டுப்போன காருக்குள் ரத்தம் குடித்த கொசு ஒன்று போலீசாரிடம் சிக்கியது. அது குடித்திருந்த மனித ரத்தத்தின் டி.என்.ஏ. போலீஸ் பதிவில் இருந்த ஒருவருடையதோடு பொருந்தியது. கொசுவுக்குள் ரத்தம் செரிக்கச் செரிக்க டி.என்.ஏ.வும் சிதையும். ஆனாலும் கடித்து இரண்டு நாள் வரை ஆளை அடையாளம் காண முடியும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2017-ல் காட்டினார்கள். மெக்சிகோவில் அடையாளமே தெரியாமல் எரிந்த ஓர் உடலைத் தின்றுகொண்டிருந்த புழுக்களின் வயிற்றிலிருந்து அந்த ஆளின் டி.என்.ஏ. எடுத்து, தகப்பனுடையதோடு ஒப்பிட்டு அது யார் என்று கண்டுபிடித்தார்கள்.

மகனிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். கொசு எதைச் சொல்கிறது? ஒருவரைக் கடித்தது என்பதை மட்டும்தான், அவர் குற்றம் செய்தார் என்பதை அல்ல. பின்லாந்து ஆசாமி, "லிப்ட் கேட்டு ஏறினேன், திருடவில்லை" என்றார். அதோடு கொசு பறக்கும், புழு நகர்ந்து போகும்; அது வேறு இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். இந்த இடத்தில் அவன் மேலும் கேள்வி கேட்டால் இந்தத் துறைக்கு ஏற்ற பையன்.

சரி, படிப்புக்கு வருவோம். பூச்சி வயிற்று டி.என்.ஏ.வை ஆராயவென்றே தனி வேலை இருக்கும் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். தடய அறிவியல் ஆய்வகத்தில் விஷம், ரத்தம், டி.என்.ஏ. என்று பல பிரிவுகள் உண்டு, இது அதில் ஒரு சின்ன மூலை. அதனால் பிளஸ் டூ முடித்ததும் நேராகத் தடயவியல் பட்டத்துக்குப் போவதைவிட, விலங்கியலோ உயிர்வேதியியலோ படிப்பதுதான் என் சிபாரிசு. வேலை கிடைக்கத் தாமதமானாலும் அடிப்படைப் பட்டம் வேறு கதவுகளையும் திறக்கும். பக்கத்திலேயே வேலூர் ஊரீஸ் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி இருக்கின்றன, விசாரியுங்கள். முதுகலையில் தடய அறிவியலுக்கு மாறலாம். காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் முயலலாம். பூச்சிகள்தான் அவனுக்கு உயிர் என்றால் புதுச்சேரியில் கொசு போன்ற நோய்பரப்பிகளை ஆராயும் மத்திய மையம் இருக்கிறது, அங்கேயே பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுகலையும் உண்டு.

வேலை? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். அதாவது உங்கள் மகன் படிப்பை முடிக்கும் சமயத்தில் ஆள் தேவை கூடியிருக்கும். வேலூரிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. தடய அறிவியல் துறை வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. இளநிலை அறிவியல் அலுவலர் அறிவிப்புகளில் எந்த முதுகலை கேட்டிருக்கிறார்கள் என்று இப்போதே படித்துவைக்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு தனி ஆசையும் உண்டு. இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் புழுவின் வளர்ச்சியை வைத்துக் கணிக்கும்போது வெப்பம்தான் முக்கியம். குளிர் நாட்டுக் கணக்கு நம்ம கத்தரி வெயிலுக்குச் சரிவராது. வேலூர் வெயிலில் வளரும் ஈக்களை ஆராய உள்ளூர்ப் பையன் ஒருவன் வந்தால் எவ்வளவு நல்லது!

பிளஸ் டூ தேர்வு முடிவை ஒட்டியே கல்லூரி விண்ணப்பம் தொடங்கிவிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே வாங்கி வையுங்கள்.