“நீங்கள் சமைப்பதால்தான் பூஞ்சணம்”: வாடகை வீட்டு ஈரலிப்புக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நாங்கள் 2022 முதல் கிழக்கு லண்டனில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட ஃபிளாட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். குளிர்காலம் தொடங்கினால் பிள்ளைகளின் அறையில் வடக்குச் சுவர் வியர்க்கிறது. அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்து, சுவர்ப் பூச்சு பொரிந்து விழுகிறது. குளியலறைக்கு ஜன்னல் இல்லை. அங்குள்ள காற்று வெளியேற்றும் விசிறி பழுதாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஐந்து வயது மகனுக்கு இரவில் இருமலும் இழுப்பும் வருகின்றன. ஜிபி (குடும்ப மருத்துவர்) இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். வீட்டு உரிமையாளர் எங்கள் ஊர்க்காரர். கோயிலில் காணும்போதெல்லாம் சொல்லியிருக்கிறோம். “இது கண்டென்சேஷன் (காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் நீராகப் படிவது), நீங்கள் நாள் முழுக்கச் சமைப்பதாலும் உள்ளே உடுப்பு உலர்த்துவதாலும் வருவது” என்கிறார். ஒப்பந்தத்திலும் “பூஞ்சணத்துக்கு வாடகைக்காரரே பொறுப்பு” என்று ஒரு வரி இருக்கிறது. வாடகையை நிறுத்தி வைக்கலாமா? கவுன்சிலில் முறையிட்டால் எங்களை எழுப்பிவிடுவாரா?

பதில்: உங்கள் கடிதத்தில் அவசரமான விடயம் வாடகை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகையை நிறுத்தாதீர்கள். வீட்டைத் திருத்தாதது அவருடைய தவறாகவே இருந்தாலும், வாடகைப் பாக்கி என்பது அவர் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடிய வலுவான காரணமாகிவிடும். 2026 மே 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, மூன்று மாத வாடகை பாக்கியாக இருந்து, வழக்கு விசாரிக்கப்படும் நாளிலும் அது தீராமல் இருந்தால், நீதிபதி வீட்டை உரிமையாளரிடம் ஒப்படைக்கும்படி கட்டளையிட வேண்டியவராகிறார். திருத்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமை ஒன்று நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டத்தில் இருக்கிறது என்றாலும், அதற்கான படிமுறைகளை எழுத்தில் பிசகாமல் பின்பற்ற வேண்டும்; ஆலோசகர் ஒருவரின் துணையில்லாமல் அதில் இறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. வாடகையைக் காசாகக் கொடுத்து வருகிறீர்களானால், அடுத்த மாதத்திலிருந்து வங்கி மூலம் அனுப்புங்கள்.

இனி, “இது கண்டென்சேஷன்” என்ற பதிலுக்கு வருகிறேன். இந்தப் பதில் வழக்கமாகிப் போனதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கட்டடத்தின் அமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், மின்சாரம், வெப்பமூட்டல் போன்றவற்றுக்கான இணைப்புகளையும் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை உரிமையாளர் மீது சுமத்துகிறது. ஆனால், அதே 1985இல், வேல்ஸின் டாஃப் ஈலி கவுன்சில் வீடு ஒன்று தொடர்பான வழக்கில், உலோகச் சட்டமிட்ட ஜன்னல்களிலும் அவற்றைச் சுற்றியும் நீர் படிந்து குடும்பத்தின் உடைமைகள் பழுதாகிய நிலையிலும், கட்டடத்தின் எந்தப் பகுதியும் முன்பிருந்ததைவிடச் சிதையவில்லையென்றால் அதைப் பழுது என்று கொள்ள முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, குளிர்ந்த, காற்றோட்டமற்ற வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு “கண்டென்சேஷன்” என்ற ஒற்றைச் சொல் கதவை அடைத்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகள் அந்த அறைகளில்தான் வளர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. மனிதர் வசிப்பதற்கு வீடு தகுதியாக இருக்க வேண்டும் என்று கோரும் 2018ஆம் ஆண்டுச் சட்டம், 2019 மார்ச் 20 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வாடகை உடன்பாடு 2022இல் தொடங்கியதால் அது உங்களுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. உங்கள் உரிமையாளரைக் கட்டுப்படுத்துகிறது. இந்தச் சட்டம் எது உடைந்தது, எது சிதைந்தது என்று கேட்பதில்லை. ஈரலிப்பு, காற்றோட்டம், கட்டடத்தின் உறுதி, வடிகால் முதலிய விடயங்களில் வீடு எந்த அளவுக்குக் குறைபட்டிருக்கிறது, அந்த நிலையில் அது வசிப்பதற்கு நியாயமாகப் பொருத்தமானதா என்றே கேட்கிறது. ஆகவே, கட்டடம் கட்டிய நாளிலிருந்தே சுவர் குளிராகத்தான் இருந்தது என்பது இனி ஒரு விடையாகாது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பழைய 11ஆம் பிரிவும் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவர்ப் பூச்சும் கட்டட அமைப்பின் ஒரு பகுதியே என்று 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே, ஈரத்தால் பூச்சு பொரிந்து விழும்போது அது பழுது என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. மேலே வெள்ளை வண்ணம் அடிப்பது திருத்தமாகாது. பழுதான பூச்சை நீக்கி, காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்த பிறகே அந்தக் கடமை நிறைவேறும்.

உரிமையாளர் தரப்புக்கு எஞ்சியிருக்கும் வாதம் ஒன்று உண்டு. அவர் சொல்லி வருவதும் அதுதான். வீடு தகுதியற்றுப் போனதற்கு முழுமையாகவோ பெரும்பாலுமோ வாடகைக்காரரின் ஒப்பந்த மீறலே காரணம் என்றால், உரிமையாளருக்குப் பொறுப்பில்லை. பெரும்பாலும் என்ற இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உங்கள் அறையைப் பாருங்கள். சுவரில் நீர் படிய மூன்று விடயங்கள் கூடிவர வேண்டும்: காற்றில் நீராவி, அது வெளியேற வழியின்மை, அது தொட்டதும் நீராகிவிடும் அளவுக்குக் குளிர்ந்த ஒரு பரப்பு. இவற்றில் நீராவி மட்டுமே உங்களிடமிருந்து வருவது. மூச்சு விடுவது, குளிப்பது, சோறு வடிப்பது, உடுப்புத் தோய்ப்பது எல்லாம் ஒரு குடும்பம் வாழும் முறை; அவற்றை ஒப்பந்த மீறல் என்று சொல்ல முடியாது. ஜன்னலற்ற குளியலறையில் விசிறி இயங்காததும், வடக்குச் சுவர் வெப்பத்தைத் தக்கவைக்காததும் உரிமையாளரின் கையில் உள்ளவை. வாடகைக்காரரின் வாழ்க்கை முறையைக் காரணம் காட்டிக் குறை கூறக்கூடாது என்று அரசாங்கமே 2023 செப்டெம்பரில் உரிமையாளர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்த வழிகாட்டல் பிறந்த காரணத்தை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். ரொச்டேலில் சமூக வீடு ஒன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. சூடானிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தின் தந்தை 2017இலேயே பூஞ்சணம் பற்றி முறையிட்டபோது, அதன் மேல் வண்ணம் பூசச் சொன்னார்கள். நீண்டகாலம் பூஞ்சணத்துக்கு உள்ளானதால் ஏற்பட்ட கடுமையான சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். அவாபின் பெயரால் வந்த சட்ட விதிகள், கவுன்சில் வீடுகளுக்கும் வீட்டுச் சங்கங்களின் வீடுகளுக்கும் 2025 அக்டோபர் 27 முதல் பொருந்துகின்றன: அவசர ஆபத்துக்கு 24 மணி நேரம், குறிப்பிடத்தக்க ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, ஆபத்து உறுதியானால் அதன்பின் 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். தனியார் வீடுகளுக்கும் இதை விரிவாக்க 2025ஆம் ஆண்டின் வாடகைக்காரர் உரிமைச் சட்டம் இடமளித்திருக்கிறது. உங்கள் வழக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன சட்டங்களே போதும்.

ஒப்பந்தத்தில் உள்ள அந்த வரியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டை வசிக்கத் தகுதியாக வைத்திருக்கும் கடமையைக் குறைக்கவோ நீக்கவோ முயலும் எந்த நிபந்தனையும், நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த அளவுக்குச் செல்லாது.

உங்கள் நிலையில் நான் காணும் பலவீனம் சட்டத்தில் இல்லை, சான்றில் இருக்கிறது. வீட்டுக்குள் உள்ள குறைபாட்டை உரிமையாளர் அறிந்த பிறகே அவருடைய பொறுப்பு தொடங்குகிறது. அறிந்து, திருத்துவதற்கு நியாயமான காலம் கழிந்த பிறகே நட்டஈடு ஓடத் தொடங்குகிறது. வாயால் சொன்னதும் அறிவித்தல்தான். ஆனால் கோயில் வாசலில் சொன்னதை அவர் மறுத்தால், அதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? ஊர்க்காரருக்கு எழுத்தில் அனுப்பினால் பகையாகிவிடுமோ என்று நம் குடும்பங்கள் தயங்குவதை நான் நன்கு அறிவேன். அந்தத் தயக்கம் மரியாதையிலிருந்து வருவது. ஆனாலும் அதன் விலையை உங்கள் மகனின் நெஞ்சு கொடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதுவது சண்டை அல்ல. அவருடைய ஃபிளாட் ஒரு பெரிய கட்டடத்தின் பகுதியாகவும் வெளிச்சுவர் கட்டட முதலாளிக்கு உரியதாகவும் இருந்தால், அங்கே அனுமதி கேட்டுப் போவதற்கு அவருக்கும் உங்கள் கடிதம் தேவைப்படும். அந்தக் கட்டட முதலாளியின் அனுமதி பெற நியாயமான முயற்சி எடுத்தும் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே சட்டம் அவரை விடுவிக்கும். முயற்சியே எடுக்காதவரை விடுவிக்காது.

ஆகவே இன்றே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். எந்த அறையில், எந்தச் சுவரில், எப்போதிலிருந்து என்று குறிப்பிட்டு, படங்களை இணைத்து, முன்பு நேரில் சொன்ன நாட்களை நினைவில் உள்ளவரை எழுதி, விசிறி பழுதானதையும் மகனின் மூச்சுக் கோளாறையும் சேர்த்து, 14 நாட்களுக்குள் வந்து பார்க்கும்படி கேளுங்கள். 24 மணி நேர எழுத்து அறிவித்தலோடு அவர் வந்து பார்ப்பதற்குத் தடை சொல்லாதீர்கள். நுழைய விடவில்லை என்பது அவருக்கு நல்ல எதிர்வாதமாகிவிடும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி அறையில் வைத்து, காலையும் இரவும் அளவைப் படம் எடுங்கள். மழைக்குப் பிறகு ஈரத் திட்டு பெரிதாகிறதா என்றும் கவனியுங்கள். பெரிதானால், அது வெளியிலிருந்து உட்புகும் நீராக இருக்கக்கூடும். அப்போது கண்டென்சேஷன் என்ற வாதமே எடுபடாது. அலுமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது, சட்டியை மூடிச் சமைப்பது, ஹீட்டரை முற்றாக அணைத்துவிடாமல் மிதமாகவேனும் ஓடவிடுவது போன்றவற்றையும் செய்து, செய்ததை எழுதி வையுங்கள். இவற்றால் பூஞ்சணம் தீராமல் போகலாம். ஆனால் நீங்கள் செய்யவில்லை என்ற வாதம் தீர்ந்துவிடும்.

பதில் வராவிட்டால் கவுன்சிலின் தனியார் வீட்டுப் பிரிவுக்கு முறையிடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. 2004ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டத்தின்படி அவர்கள் மதிப்பிடும் ஆபத்துகளின் பட்டியலில் ஈரலிப்பும் பூஞ்சணமும்தான் முதலாவது. பாதிப்பு முதல் வகை ஆபத்து, அதாவது மிகக் கடுமையானது, என்று கண்டால், நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை, விருப்பம் அல்ல. திருத்த அறிவித்தலை உரிமையாளர் மீறினால் அது குற்றம். அந்த நிலையில், செலுத்திய வாடகையைத் திரும்பப் பெற நீங்கள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியும்.

எழுப்பிவிடுவாரா என்ற அச்சம்தான் பலரை மௌனமாக்குகிறது. காரணம் சொல்லாமல் இரண்டு மாத அறிவித்தலில் எழுப்ப இடமளித்த, 1988ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, 2026 மே 1 முதல் தனியார் வாடகையில் இல்லை. இப்போது சட்டத்தில் உள்ள ஒரு காரணத்தை அவர் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். முறையிட்டார்கள் என்பது அப்படியொரு காரணம் அல்ல. விற்கப் போகிறேன் என்றோ குடும்பத்தோடு குடிவரப் போகிறேன் என்றோ அவர் சொல்லலாம். அதற்கு நான்கு மாத அறிவித்தல் வேண்டும், பிறகு 12 மாதங்களுக்கு அந்த வீட்டை மீண்டும் வாடகைக்கு விடவும் முடியாது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பூட்டை மாற்றினால், 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அப்படி நடந்தால் தயங்காமல் கவுன்சிலையும் பொலிஸையும் அழையுங்கள்.

நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், முதலில் முறைப்படி உரிமைக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் தர உரிமையாளருக்கு 20 வேலை நாட்கள் உண்டு. நீதிமன்றம் திருத்த வேலையைச் செய்யும்படி கட்டளையிடலாம். நட்டஈட்டைப் பொதுவாக வாடகையின் ஒரு விகிதமாகக் கணக்கிட்டு, பழுதான மெத்தை, உடுப்புகளின் விலையையும் சேர்க்கும். ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுகள் பின்னோக்கிக் கேட்கலாம். உடல்நலத்துக்குக் கடுமையான ஆபத்து இருந்தால், திருத்த வேலைக்கான வழக்குக்கு, வருமானத்தைப் பொறுத்துச் சட்ட உதவி கிடைக்கும். வீடு வீடாக வந்து “செலவில்லாமல் வழக்குப் போடுகிறோம்” என்பவர்களிடம் கையெழுத்திடுவதற்கு முன், தோற்றால் யார் செலவைக் கொடுப்பது என்பதை எழுத்தில் கேளுங்கள். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய தொண்டு நிறுவனங்களும் உங்கள் பகுதிச் சட்ட மையமும் இலவசமாக வழிகாட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் உள்ள வாசகர்களுக்குச் சட்டங்கள் வேறு. இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

மகனின் உடல்நலப் பாதிப்புக்கான நட்டஈட்டுக் கோரிக்கை தனியானது. ஜிபியிடம் வீட்டின் நிலையைச் சொல்லி, அதை மருத்துவக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். நோய்க்கும் பூஞ்சணத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவச் சான்றுதான் நிறுவ முடியும். இத்தகைய வழக்கைத் தொடரப் பெரியவர்களுக்கு மூன்று ஆண்டுகள் என்ற காலவரையறை, பிள்ளைக்கு 18 வயதாகும் வரை ஓடத் தொடங்காது. எனவே, வாடகையில் கொஞ்சம் குறைத்துவிட்டு “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், வேலை முடியும் முன் இடாதீர்கள். பிள்ளை சார்பில் செய்யும் சமரசம் நீதிமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் செல்லுபடியாகாது என்பதை அவரிடமும் அமைதியாகச் சொல்லிவிடுங்கள்.