எலி ரத்தத்தில் குர்குமினைக் காணோமே?

கேள்வி: பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எலிகளுக்கு வாய்வழியாகக் குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து எச்.பி.எல்.சி.யில் (கலவையைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஓட்டினேன். வரைபடத்தில் குர்குமினுக்கான மேடே (பீக்) வரவில்லை. மருந்து உடலில் என்னவாக மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கருவியைத் திட்டாதீர்கள். அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வாய்வழியாகக் கொடுக்கும் குர்குமினில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். 1978-இல் வெளிவந்த எலி ஆய்விலேயே சுமார் 75 சதவீதம் அப்படித்தான் போனது. உள்ளே நுழைகிற கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் விடுவதில்லை. குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, தண்ணீரில் கரையும்படி மாற்றிவிடுகின்றன. நீங்கள் பழைய முகத்தையே தேடியிருக்கிறீர்கள்.

இனி எடையைத் தேடுங்கள். பிரித்த பொருள்களை எடை வைத்து அடையாளம் காட்டும் எல்.சி.எம்.எஸ். கருவியில், நெகட்டிவ் மோடில் (மூலக்கூறு ஒரு புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றம் பெறும் முறை), குர்குமின் 367-இல் வரும். குளுகுரோனைடு என்றால் 176 கூடி 543. சல்பேட் என்றால் 80 கூடி 447. ஹைட்ரஜன் ஏறி டெட்ராஹைட்ரோகுர்குமின் ஆகியிருந்தால் 371. அப்புறம், 337, 307 என்று ஏதாவது தெரிந்தால் புது வளர்சிதைப் பொருள் கிடைத்துவிட்டதென்று துள்ள வேண்டாம். அவை மஞ்சளிலேயே குர்குமினோடு இருக்கும் உறவுக்காரர்கள். எலிக்குக் கொடுத்த பொடியை முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எடை பொருந்தியதும் ஆய்வேட்டில் எழுதிவிடுவார்கள் பலர். எனக்கு அது போதாது. பிளாஸ்மாவை (ரத்த அணுக்கள் நீக்கிய திரவம்) மூன்று குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் பீட்டா குளுகுரோனிடேஸ் நொதி. இரண்டாவதில் அதே நொதியோடு அதைத் தடுக்கும் சாக்கரோலாக்டோன். மூன்றாவதில் வெறும் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்). மூன்றையும் 37 டிகிரியில் வையுங்கள். முதல் குழாயில் மட்டும் 543 குறைந்து 367 எழுந்தால், அது குளுகுரோனைடுதான். நத்தையிலிருந்து எடுக்கும் நொதியில் சல்பேட்டை வெட்டும் நொதியும் கலந்திருக்கும், அதனால் ஈ.கோலை பாக்டீரியாவின் நொதியாகப் பார்த்து வாங்குங்கள். குர்குமின் பி.எச். 7.4 பஃபரில் அரை மணி நேரத்தில் பெருமளவு சிதைந்துவிடும். கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் தாங்கும். வெளிச்சமும் ஆகாது. குழாய்களுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

கல்லூரியில் எல்.சி.எம்.எஸ். இல்லையென்றால், வெளியார் மாதிரிகளை எடுக்கும் கருவி மையம் கிண்டி ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. ரத்த மாதிரி எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மே மாத வெயிலில் ஆட்டோவில் போவதானால் உலர் பனிக்கட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மிளகின் பைப்பரின் சேர்த்துப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பார்க்கலாம், அது குளுகுரோனைடு ஒட்டுவதைத் தடுக்கும். 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்துக்குக் கிடைக்கும் குர்குமினின் அளவு மனிதர்களில் 2000 சதவீதம் கூடியது. எலிகளில் 154 சதவீதம்தான். உங்கள் எலிகளிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புதிய குழு சேர்ப்பதானால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.