முன்னாடி இருந்தவ யாரு?

ஐயா,

எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து பதினாறு மாதமாகிறது. 41 கிலோ குறைந்திருக்கிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கோ காரணமில்லாமல் அழுகை வருகிறது. இனி எதற்கு என்று மனச்சோர்வு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். தொங்கும் தோலையும் எடுத்துவிட்டால் சரியாகுமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் திட்டிவிடுகிறேன். மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? திடீரென்று விட்டால் அதுவே அழவைக்கும். வயிறு மாறியபின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்குத்தான் மருத்துவர். இன்றே கூப்பிடுங்கள். பி12, தயமின் என்ற வைட்டமின்களின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தோல் கிடக்கட்டும், எடை ஓரிடத்தில் நிற்கட்டும் முதலில்.

'பாராட்டுகிறார்கள்' என்கிறீர்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் அக்காவும் எடை குறைய அறுவை செய்துகொண்டவள், அவளுக்கு இரைப்பை பைபாஸ். பாதி எடை போனபிறகும், உட்காருமுன் நாற்காலியின் கையைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்ப்பாள். "ஆளே மாறிட்டீங்க" என்று யாராவது சொன்னால் சிரிப்பாள். ஒருநாள் அவர்கள் போனபின் கேட்டாள்: "அப்போ முன்னாடி இருந்தவ யாருடா?"

நல்லெண்ணத்தில்தானே சொல்கிறார்கள் என்று என்னிடம் வராதீர்கள். இன்று அழகாக இருக்கிறாய் என்பவர், நேற்றுவரை உன்னைச் சகித்துக்கொண்டேன் என்றும் சேர்த்தே சொல்கிறார். அந்த நேற்றையவள்தானே உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்? அந்தப் பாராட்டும் ஒரு வருஷம்தான். மெலிந்த உடம்பு ஊருக்குப் பழகிவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 2006 முதல் 2011 வரை எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட 8,815 பேரைப் பற்றிய ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரச் சிகிச்சைக்கு வருவது முன்பைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடியிருந்தது. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வருஷங்களில்.

துக்கம் வந்தால் சாப்பிட்டு ஆறியவர், வயிறு சுருங்கியபின் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அக்கா கோப்பையில் வைத்தாள். பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் சட்டென்று ஏறும். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. போனில் "இப்ப எத்தனை கிலோ?" என்றுதான் கேட்போம். நானும்தான்.

உங்களுக்குச் சாகத் தோன்றுகிறதா? நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்பி மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால், மருத்துவர் என்ன சொன்னார் என்று வியாழனுக்குள் எழுதுங்கள். எடையை எழுத வேண்டாம்.